பெரிய சுரங்கத்துக்குப் பக்கத்து நிலம்: ஒரு யுரேனியம் பங்கு மடல் பற்றி

இந்த வார மடலுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. இரண்டரைதான் போட நினைத்தேன். பாறைகளைப் பற்றி அவர்கள் எழுதும் தமிழுக்காக அரை கூட்டினேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மதிப்பெண் அதைப் பொறுத்ததுதான். தர்மபுரியில் போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுப்பவன். நிலவியல் படித்துவிட்டு, ரெசிஸ்டிவிட்டி மீட்டரும் (தரையின் மின்தடையை அளக்கும் கருவி) நான்கு கம்பியும் கேபிள் சுருளுமாக நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு என்று காடு கழனியில் அலைகிற தொழில். பங்குச் சந்தைக்கும் எனக்கும் ஒட்டாது. சந்தா கட்டியவன் என் மனைவியின் தம்பி, ஓசூரில் வேலை. "மாமா, நீங்கதான் கல்லு படிச்சவராச்சே, இதைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பினான். திறந்து பார்த்தேன். அப்புறம் வாரா வாரம் நானே கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சேவை இதுதான்: கனடாவில் குடியேறிய தமிழர் ஒருவர், அந்த நாட்டின் வடக்குக் காடுகளில் யுரேனியம் தேடும் சின்னக் கம்பெனிகளைப் பற்றித் தமிழில் எழுதும் வார மடல். கூடவே மாதம் ஒரு ஜூம் கூட்டம், ஒரு டெலிகிராம் குழு, கம்பெனிகளை வரிசைப்படுத்திய ஓர் எக்செல் அட்டவணை. மாதம் 650 ரூபாய், வருடத்துக்கு 6,000. மடலின் பெயரை இங்கே போடவில்லை. குறை சொல்லப் போகிறேன். அந்த மனிதரோ கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னவர். தவிர, ஆங்கிலத்தில் இதே ரக மடல்கள் ஏராளம், அவற்றிலும் பலவற்றுக்கு இந்தக் குறை உண்டு.

நல்லதைச் சொல்லிவிடலாம். இவருக்குப் பாறை தெரிகிறது. மடலில் வரும் கம்பெனிகள் எல்லாமே அதபாஸ்கா படுகையைச் சுற்றித் தேடுகிறவை. சஸ்காட்செவன் மாகாணத்தின் வடக்கில், கொஞ்சம் ஆல்பர்ட்டாவுக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்கல் பரப்பு அது. ஏறக்குறைய 1,00,000 சதுர கி.மீ. நம் தமிழ்நாடே 1,30,000தான். அவ்வளவு பெரிய இடத்தில் ஏரியும் சதுப்பும் பைன் காடும், அங்கங்கே ஒரு சுரங்கமும்.

யுரேனியம் அங்கே எப்படி வந்தது என்று ஒரு மடல் முழுக்க எழுதியிருந்தார். மணற்கல்லுக்கு 170 கோடி வயசு. அதற்கு அடியில் இருக்கும் நைஸ் பாறை இன்னும் பழையது, அதில் அங்கங்கே கிராஃபைட் பட்டைகள். ஆக்சிஜன் மிகுந்த சூடான உப்புநீர் மணற்கல்லுக்குள் ஓடும்போது யுரேனியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். அடிப்பாறையின் வெடிப்புகளுக்குப் பக்கத்தில் அந்த ஆக்சிஜனைப் பறிக்கும் சூழல் வந்ததும், சுமையை அங்கேயே இறக்கிவிடும். அதனால்தான் தாது பெரும்பாலும் மணற்கல்லும் அடிப்பாறையும் சந்திக்கும் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடைக்கிறது. இறங்கிய இடத்தைச் சுற்றி மணற்கல் வெளுத்து, களிமண்ணாக மாறி, போரான் கலந்து கிடக்கும். துளைபோடுகிறவர்கள் யுரேனியத்தைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் களிமண்ணைத்தான் தேடுகிறார்கள். கல்லூரியில் எனக்கு இதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தமிழில் ஒரே மூச்சில் புரிகிறபடி படித்தது இப்போதுதான்.

தரத்தையும் சரியாகச் சொல்கிறார். சிகார் லேக் சுரங்கத்தின் தாதுவில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் யுரேனியம் ஆக்சைடு. ஜார்கண்டின் ஜாதுகுடாவிலும் ஆந்திராவின் தும்மலபள்ளியிலும் நாம் தோண்டுவது 0.1 சதவீதத்தைத் தொடாதது. இந்த இடைவெளியைப் பார்த்தால்தான் அந்தப் பனிக்காட்டில் ஹெலிகாப்டர் வாடகை கொடுத்து ஏன் தேடுகிறார்கள் என்பது விளங்கும்.

சரி, இனி குறை.

எக்செல் அட்டவணையைத் திறந்தால், கம்பெனி பெயருக்கு அடுத்த முதல் பத்தி என்ன தெரியுமா? மெக்ஆர்தர் ரிவர் சுரங்கத்திலிருந்து எத்தனை கி.மீ. அதற்கடுத்தது சிகார் லேக்கிலிருந்து எத்தனை கி.மீ. தூரம் குறையக் குறையக் கட்டம் பச்சையாகிக்கொண்டே போகும். இதுவரை எத்தனை மீட்டர் துளை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று வலதுபக்கக் கோடி வரை தள்ளிப் பார்த்தேன். இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போர் போட்டவர்களைக் கேளுங்கள். ஒருவர் காட்டில் 400 அடியில் மூன்று இன்ச் தண்ணீர். வரப்பைத் தாண்டி அடுத்தவர் 900 அடி இறக்குவார், வண்டி கக்குவது வெறும் புகையாக இருக்கும். பக்கத்துக் கிணற்றைக் காட்டி யாராவது நிலத்தை விலை பேசினால் எங்கள் ஊர்க்காரன் சிரித்துவிட்டுப் போவான். அதே ஆள் கைபேசியில் 'மெக்ஆர்தர் ரிவரிலிருந்து வெறும் 18 கி.மீ.' என்று படித்ததும் ஏன் மயங்குகிறான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

18 கி.மீ. விடுங்கள், அங்கே 100 மீட்டரே நீண்ட தூரம். சிகார் லேக் தாது ஏறக்குறைய 2 கி.மீ. நீளம், ஆனால் அகலம் 20 முதல் 100 மீட்டர்தான். ஆழம் 400 மீட்டருக்கு மேல். மேலேயிருந்து துளை போடுகிறவன் கொஞ்சம் தள்ளிப் போட்டால், உலகத்திலேயே செறிவான யுரேனியத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போக முடியும். மெக்ஆர்தர் ரிவரும் அப்படித்தான், 500 மீட்டருக்குக் கீழே. அது கண்டுபிடிக்கப்பட்டது 1988இல். அதே படுகையில் ராபிட் லேக் 1968இலும் கீ லேக் 1975இலும் கிடைத்துவிட்டன. பக்கத்தில் இருப்பது அவ்வளவு உதவும் என்றால் நடுவில் இத்தனை வருடம் எதற்கு?

இதில் என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தியது வேறு. கனடாவில் சுரங்கக் கம்பெனிகள் எதை, எப்படி வெளியிடலாம் என்பதற்கு என்.ஐ. 43-101 என்று ஒரு விதிமுறை உண்டு. 1997இல் இந்தோனேசியாவில் தங்கம் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றிய பிரி-எக்ஸ் மோசடி வெடித்த பிறகு, 2001இல் வந்தது. அதன்படி பக்கத்து நிலத்தின் தாதுவைப் பற்றி ஒரு கம்பெனி பேசினால், அங்கே இருப்பது எங்கள் நிலத்திலும் இருக்கும் என்று பொருளில்லை எனக் கூடவே சொல்லியாக வேண்டும். ஒரு கம்பெனியின் ஆங்கில அறிக்கையையும் நம் மடலின் தமிழாக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எல்லாம் தமிழில் வந்திருந்தது, அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. ஜூம் கூட்டத்தில் மச்சான் மூலம் கேட்கச் சொன்னேன். "அது எல்லா அறிக்கையிலும் வரும் சட்டச் சடங்கு, இடம் அடைக்கும் என்று விட்டேன்" என்றார். முழு அறிக்கையில் ஒரு முதலீட்டாளருக்கு மிகவும் வேண்டிய வரியே அதுதான்.

இரண்டாவது, கடத்தி, அதாவது மின்சாரத்தைக் கடத்தும் பாறை. இது என் தொழிலுக்கு நெருக்கம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டருக்குக் கீழே பெரிய வளையத்தைத் தொங்கவிட்டு, அதில் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சி, தரைக்குள் எந்தப் பாறை மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். படுகையில் அப்படிக் கடத்துவது பெரும்பாலும் அடிப்பாறையின் கிராஃபைட் பட்டை. கிராஃபைட் உள்ள வெடிப்புகளை ஒட்டித்தான் பல யுரேனியப் படிவுகள் கிடைத்தன, அதனால் கடத்தியைத் துரத்துவது நியாயம். ஆனால் கருவி பார்ப்பது கிராஃபைட்டை. யுரேனியத்தை அல்ல. பட்டை பல கி.மீ. நீளும், தாது அதில் ஒரு புள்ளியில் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் போகலாம்.

நான் நான்கு கம்பி அடித்து மின்தடை குறைவு என்று காட்டினால், கீழே தண்ணீர் நிற்கும் வெடிப்பாக இருக்கலாம், சுக்காம்பாறை மக்கிய களிமண்ணாகவும் இருக்கலாம். வண்டி வந்து இறக்கினால்தான் தெரியும். அதைத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், சொன்னால் சிலர் தேங்காய் வைத்துப் பார்ப்பவரிடம் போய்விடுவார்கள், அது வேறு கதை. இந்த மடலில் ஒரு கம்பெனி '12 கி.மீ. கடத்தி' என்று சொன்ன வாரம், தலைப்பே 'யுரேனியம் பாதை உறுதியானது' என்று வந்தது. உறுதியானது கிராஃபைட்.

மூன்றாவது, எண்ணிக்கை. துளையிலிருந்து எடுத்த கல் உருளையின் பக்கத்தில் கையடக்கக் கருவியை வைத்தால், வினாடிக்கு இத்தனை என்று காமா கதிரை எண்ணிக் காட்டும். இது நல்ல கருவி, எந்தப் பெட்டியை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய உதவும். ஆனால் உள்ளே இருக்கும் படிகத்தின் அளவு, கல்லுக்கும் கருவிக்கும் நடுவே உள்ள தூரம், உருளையின் தடிமன் எல்லாவற்றையும் பொறுத்து எண் மாறும். தோரியமும் பொட்டாசியமும்கூட எண்ணிக்கையில் சேரும். உண்மையான தரம் வேண்டுமென்றால் கல்லைப் பிளந்து சஸ்காட்டூன் ஆய்வகத்தில் கரைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கம்பெனிகளே அறிக்கையில் இதை ஒப்புக்கொள்கின்றன. நம் மடலின் அட்டவணையிலோ இந்த எண்ணிக்கை 'தரம்' என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். திருத்துகிறேன் என்று உடனே பதில் வந்தது. திருத்தம் இன்னும் வரவில்லை.

பாறாங்கல் பற்றி எழுதிய மடலுக்கு மட்டும் தனியாக ஒரு சபாஷ். காமா கதிர் அரை மீட்டர் மண்ணைத் தாண்டியே வெளியே வராது, அப்படியிருக்க 400 மீட்டர் ஆழத்துத் தாதுவை விமானத்திலிருந்து எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாது. பார்க்க முடிவது, பனியாறு பெயர்த்து இழுத்துக்கொண்டு வந்து மேலே போட்ட கல்லை. அந்தப் பக்கம் பனி நகர்ந்தது வடகிழக்கிலிருந்து தென்மேற்காக. எனவே கதிர் வீசும் கல் கிடைத்தால், பனி வந்த திசையில் திரும்பி நடக்க வேண்டும். பேட்டர்சன் லேக் சவுத் என்ற படிவு அப்படித்தான் கிடைத்தது: 2011இல் கற்கள், 2012 நவம்பரில் துளையில் தாது. அதே தென்மேற்கு ஓரத்தில் 2014இல் ஆரோ என்ற படிவு கிடைத்தது. யுரேனியம் விலை மண்ணைக் கவ்விக் கிடந்த காலம் அது. 2007 நடுவில் பவுண்டுக்கு 130 டாலரைத் தாண்டியிருந்த விலை, ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு சரிந்து சரிந்து 2016 கடைசியில் 20க்குக் கீழே போனது. 100ஐ மறுபடி தொட 2024 ஜனவரி ஆயிற்று. கல் கிடைப்பதற்கும் சந்தை ஏறுவதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை இவ்வளவு தெளிவாக எழுதிய அதே கையா அந்த அட்டவணையையும் போட்டது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

பணப் பக்கத்தை மடல் அவசரமாகக் கடந்துவிடுகிறது. எனக்கும் இது அன்னியம்தான், மச்சானோடு உட்கார்ந்து அறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல்நிலைத் தேடல் கம்பெனிக்கு வருமானம் கிடையாது. துளை போடப் பணம் வேண்டுமென்றால் புதுப் பங்கு அச்சிட்டு விற்க வேண்டும். அந்தப் புதுப் பங்குகளைத் தனியாக வாங்குகிறவர்கள் நான்கு மாதத்துக்கு விற்க முடியாது, அந்தத் தடை தீரும் நாளில் விற்கக் காத்திருப்பார்கள். கனடாவில் 'ஃப்ளோ த்ரூ' என்று ஒரு ரகப் பங்கும் உண்டு. கம்பெனியின் தேடல் செலவை, பங்கு வாங்கியவர் தன் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். டொராண்டோவில் இருப்பவருக்குப் பங்கு பாதி விலைக்குப் போனாலும் வரியில் ஒரு பகுதி திரும்பிவிடும். ஓசூரில் இருப்பவனுக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே மடலைப் படித்து ஒரே பங்கை வாங்குகிறார்கள். தமிழில் எழுதுகிறவர் இதை முதல் பக்கத்தில் சொல்ல வேண்டாமா?

ஆசிரியர் தான் எழுதும் பங்குகளைத் தானே வைத்திருக்கிறாரா என்பதும் தெளிவில்லை. 'ஆசிரியரிடம் சில பங்குகள் இருக்கலாம்' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. எவை என்று பெயர் போட்டுவிட்டால் போதும், வைத்திருப்பது தப்பில்லை.

உரிமை என்று சொல்கிறார்களே, அதையும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். சஸ்காட்செவனில் 2012 கடைசியிலிருந்து கணினி வரைபடத்தில் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கட்டியே தேடும் உரிமை எடுத்துவிடலாம். காட்டில் கம்பு நட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இவ்வளவு செலவு செய்து வேலை காட்டாவிட்டால் உரிமை போய்விடும், அவ்வளவுதான். ஆகவே 'கம்பெனி 40,000 ஹெக்டேர் கைப்பற்றியது' என்ற செய்தி, ஒருவர் மேசையில் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் சொல்கிறது. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வேட்டையும் மீன்பிடியுமாக வாழும் டெனே, கிரீ பழங்குடி மக்களிடம் அரசு கலந்து பேசிய பிறகுதான் துளைக்கு அனுமதி கிடைக்கும். இதற்கு மடலில் ஒரே ஒரு வரி, அதுவும் 'தாமதத்துக்கான காரணம்' என்ற தலைப்பில். எனக்குப் பிடிக்கவில்லை.

டெலிகிராம் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராக்கெட் படம், காலை வணக்கம், மறுபடி ராக்கெட் படம். ஒரே ஒரு நல்ல உரையாடல் நினைவிருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், "அண்ணா, நம்ம சாமல்பட்டி, ஒகேனக்கல் பக்கமெல்லாம் கார்பனடைட் இருக்குன்னு சொல்றாங்களே, இங்கே யாரும் தேடலையா?" என்று கேட்டார். கார்பனடைட் என்பது கார்பனேட் கனிமங்கள் மிகுந்த எரிமலைக் குழம்புப் பாறை. ஆசிரியர் பொறுமையாகப் பதில் எழுதினார். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூர் கார்பனடைட்டில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்ற கனிமம் உண்டு, ஆனால் இந்தியாவில் யுரேனியம் தேடுவது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிம இயக்ககத்தின் வேலை, அப்போது அமலில் இருந்த 1962ஆம் வருட அணுசக்திச் சட்டப்படி தனியார் கை வைக்க முடியாது, அதனால் பங்கு வாங்க இங்கே கம்பெனியே இல்லை என்றார். 2015இல் இந்தியா கனடாவின் கமேகோ கம்பெனியோடு 3,220 டன் யுரேனியத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தையும் சொன்னார். அந்த ஒரு பதிலுக்கு 650 ரூபாய் தகும். அதற்குக் கீழே அடுத்த பதிவு ராக்கெட் படம்.

வாடிக்கையாளர் சேவையில் குறை இல்லை. மடல் வெள்ளிக்கிழமை காலை தவறாமல் வருகிறது. மச்சானுக்கு ஒரு தடவை பணம் இரண்டு முறை பிடித்தம் ஆனபோது கேட்டதும் திருப்பிவிட்டார்கள். பி.டி.எஃப். கைபேசியில் படிக்கச் சிரமம், வரைபடத்தைப் பெரிதாக்கினால் எழுத்து கரைந்துவிடுகிறது.

யாருக்கு இது என்றால்: நிலவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்கலாம், நான்கு பேர் சேர்ந்து ஒரு சந்தா எடுத்தாலும் போதும். பங்கு வாங்கப் படிக்கிறவர்கள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பெனியின் கடைசி அறிக்கையில் மூன்று விஷயத்தை மட்டும் தேடுங்கள். கடைசியாக எந்த வருடம் துளை போட்டார்கள், மொத்தம் எத்தனை மீட்டர், ஆய்வக முடிவு வந்ததா. மூன்றும் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது வரைபடத்தை. மச்சான் வைத்திருந்த ஐந்தில் மூன்று கம்பெனிகள் அப்படி இருந்தன. இரண்டை விற்றுவிட்டான், ஒன்றை "இருக்கட்டும் மாமா, பாக்கலாம்" என்று வைத்திருக்கிறான். அவன் காசு.

வருடச் சந்தா வேண்டாம். ஏரி உறைந்தால்தான் இயந்திரத்தைப் பனிக்கட்டி மேல் ஏற்றித் துளை போட முடியும் என்பதால், அங்கே பல இடங்களில் முக்கிய வேலை நடப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். அந்த மாதங்களுக்கு மட்டும் 650 கட்டுங்கள். ஆய்வக முடிவு வர மேலும் சில மாதம் ஆகும், அதைக் கம்பெனிகளே இலவசமாக மின்னஞ்சலில் அனுப்புகின்றன.